இரண்டாவது மூக்கு

குப்பியின் அடியில் பொட்டு ஒட்டியிருந்தது. என் நடுவிரல் அதன் ஓரத்தைத் தொட்டு, ஒருமுறை சுற்றிவந்து, நிச்சயப்படுத்திக்கொண்டது. அதற்குப் பிறகுதான் மூடியைத் திறந்து குப்பியை மூக்கருகே கொண்டுபோனேன். கண்களை மூடிக்கொண்டு, எப்போதும் இழுப்பதுபோல மூன்று விநாடி இழுத்தேன். சற்று ஈரமான, வெதுவெதுப்பான காற்று உள்ளே போனது. அதைத் தவிர வேறொன்றும் போகவில்லை. மூடியைத் திருகி வைத்துவிட்டு என் சீட்டில் பதினேழு என்று எழுதினேன். பதினேழாம் குப்பியில் கிடக்கும் தக்கை கெட்டது என்று அர்த்தம். அது கெட்டதென்று என் மூக்குக்குத் தெரியாது. என் விரலுக்குத் தெரியும்.

போர்ட்டோவை அடுத்த லாமஸில் இருக்கும் எங்கள் தக்கைத் தொழிற்சாலையில் மோந்து பார்க்கும் அறை மாடியில் இருக்கிறது. நாங்கள் ஆறு பெண்கள், இரண்டிரண்டு பேராக உட்காருவோம். முந்தின நாள் மாலையே ஒவ்வொரு கண்ணாடிக் குப்பியிலும் ஒரு தக்கையும் இரண்டு சொட்டுத் தண்ணீரும் போட்டு மூடி, இளஞ்சூட்டில் வைத்துவிடுவார்கள். காலையில் திறந்தால் தக்கை தன்னிடம் இருப்பதை எல்லாம் காற்றில் விட்டிருக்கும். நல்ல தக்கை மரத்தை, மழைக்குப் பிந்தைய பட்டையைச் சொல்லும். பூஞ்சணம் பிடித்த தக்கை, வருஷக்கணக்கில் திறக்காத நிலவறையைச் சொல்லும். அப்படி ஒன்று ஒரு புட்டியின் வாயில் போய் உட்கார்ந்தால் உள்ளே இருக்கும் திராட்சை மது முழுக்கப் பாழ். ஜோடியில் முதலாவது பெண் மோந்துவிட்டு, கெட்டதென்று தோன்றினால் குப்பியின் அடியில் ஒரு சின்ன வட்டக் காகிதத்தை ஒட்டுவாள். அதைத்தான் பொட்டு என்போம். இரண்டாவது பெண் அடியைப் பார்க்காமல் தானாக மோந்து, தன் சீட்டில் எண்ணை எழுதுவாள். தட்டு முடிந்ததும் குப்பிகளைக் கவிழ்த்து ஒப்பிடுவோம். அந்த மாதம் உம்பெலினா முதலாவது மூக்கு. நான் இரண்டாவது.

அடியைப் பார்க்கக் கூடாதென்றுதான் விதி. தொடக் கூடாதென்று யாரும் எழுதி வைக்கவில்லை. அப்படி ஒரு விதி தேவைப்படும் என்று எந்த மூளைக்குத் தோன்றும்?

பிப்ரவரியில் வந்த காய்ச்சல் ஆறு நாளில் போய்விட்டது. ஏழாம் நாள் அடுப்பில் பால் தீய்ந்து, நாற்றம் கூடம்வரை போன பிறகும் நான் அங்கேயே நின்று கீரை நறுக்கிக்கொண்டிருந்தேன். என் கணவர் செஃபெரினோ கூடத்திலிருந்து ஓடிவந்து அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. மூக்கடைப்பு போனால் சரியாகிவிடும் என்று அவர் சொன்னார். மூக்கு அடைக்கவில்லை. காற்று நன்றாகத்தான் போய்வந்தது.

வேலையில் ஏன் சொல்லவில்லை என்று இப்போது யோசித்தால் பயம் என்ற ஒரே சொல்லில் அது அடங்கவில்லை. மாடிக்குப் போவதற்கு முன் பதினோரு வருஷம் கீழே, பட்டையில் துளை போட்டுத் தக்கை எடுக்கும் இயந்திரத்தில் நின்றேன். அந்த இரைச்சல் என் இடது காதில் பாதியை எடுத்துக்கொண்டது. ஒருநாள் பெண்கள் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி ஆளுக்குப் பத்துக் குப்பிகளைக் கொடுத்தார்கள். மறுநாள் அறிவிப்புப் பலகையில் ஆறு பெயர்கள். நான் அழகானவள் இல்லை, படித்தவளும் இல்லை, பேச்சில் கெட்டிக்காரியும் இல்லை. என்னிடம் ஏதோ ஒன்று இருக்கிறது, அது மற்றவர்களிடம் இல்லை என்று எனக்குச் சொன்ன ஒரே காகிதம் அதுதான். அது முகத்தின் நடுவில்தான் இருந்தது, நாற்பத்தொரு வருஷமாக, நான் கவனிக்காமலே. அதைப் போய் இல்லை என்று எப்படிச் சொல்வது? ஒவ்வொரு காலையும் நாளைக்கு வந்துவிடும் என்று நினைத்தேன். ஒவ்வொரு காலையும் விரல் தன் வேலையைச் செய்தது.

நூறு குப்பியிலும் இருவரும் ஒத்துப்போனால் சந்தேகம் வரும் என்பது எனக்குத் தெரியும். எந்த இரண்டு மூக்கும் அப்படி ஒத்துப்போகாது. அதனால் இடையிடையே ஏதாவது ஒரு எண்ணைக் கூடுதலாக எழுதினேன், ஒன்றை விட்டுவிட்டேன். பொய்யைச் சரியான அளவில் கலக்கும் அந்தக் கைப்பழக்கம் எவ்வளவு சீக்கிரம் எனக்கு வந்துவிட்டது என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது.

வீட்டில் வேறு மாதிரி இருந்தது. கதவைத் திறந்து நுழைந்தால் வீடு என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. ஃபொகாசா ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டால் நாக்கு இனிப்பு என்றது, பிறகு மென்மை என்றது, அதோடு நிறுத்திக்கொண்டது. அதில் போட்ட எலுமிச்சைத் தோலும் இலவங்கப்பட்டையும் எங்கே என்று கேட்டால் அதற்குப் பதில் தெரியவில்லை. இத்தனை வருஷம் நாக்கு ருசிக்கிறது என்று நினைத்திருந்தேன். பாதிக்கு மேல் மூக்குதான் பின்வாசல் வழியாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. செஃபெரினோ பேருந்து ஓட்டுபவர். மாலையில் வந்து சட்டையைக் கழற்றும்போது அவர் கழுத்தில் டீசலும் சவர சோப்பும் கலந்து ஒரு வாசனை இருக்கும். அது எனக்குப் பிடிக்குமா என்று யாராவது கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். இப்போது அவர் பக்கத்தில் படுத்திருந்தும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பதுபோல இருந்தது. என்மேல் நாற்றம் அடிக்கிறதோ என்ற பயத்தில் நாளைக்கு இரண்டு முறை குளித்தேன். தன் வாசனை தனக்குத் தெரியாது என்பார்கள். அது சரியில்லை. தெரிகிறது, அது போன பிறகுதான் அது இருந்தது தெரிகிறது.

மூன்றாவது வாரம் ஒரு சனிக்கிழமை செஃபெரினோ என்னைப் போர்ட்டோவுக்கு மருத்துவரிடம் கூட்டிப்போனார். மருத்துவர் குவரெஷ்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொரு குப்பியாக மூக்கருகே காட்டினார். முதலாவது ஒன்றுமில்லை. இரண்டாவது ஒன்றுமில்லை. மூன்றாவதில் நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

"புதினா," என்றேன். "டாக்டர், அது புதினா."

அவர் குப்பியை மூடினார். "உக்காருங்கம்மா. புதினாதான். ஆனா நீங்க மோந்து சொல்லல. குளுந்துச்சு, அத வெச்சு சொல்லிட்டீங்க."

"குளுந்தா என்ன, மூக்குலதானே?"

"மூக்குலதான். ஆனா அது வேற நரம்பு. முகத்துக்குன்னு வர்ற நரம்பு. குளிர்ச்சி, எரிச்சல், குத்தல், இதுதான் அதுக்குத் தெரியும். வினிகர் குத்தும், வெங்காயம் எரியும். பேரு சொல்லத் தெரியாது."

மருந்துச் சீட்டைத் திருப்பி அதன் பின்பக்கம் ஒரு மூக்கை வரைந்தார். மூக்கின் உச்சியில், கண்களுக்கு நடுவே, தபால்தலை அளவுக்கு ஓர் இடம். அங்கே நரம்புகளின் நுனிகள் மெல்லிய இழைகளாக ஈரத்துக்குள் தலையை நீட்டிக்கொண்டு நிற்கின்றன என்றார். உடம்பில் வேறெந்த நரம்பும் இப்படி வெளிக்காற்றில் வந்து நிற்பதில்லையாம். அதில் நானூறு ரகம். ஒரு வாசனைக்கு ஒரு ரகம் என்று கணக்கு இல்லை. எலுமிச்சை வந்தால் அந்த நானூறில் சில ரகங்கள் சேர்ந்து எழுந்து நிற்கும். யார் யார் எழுந்தார்கள் என்று பார்த்துத்தான் மூளை எலுமிச்சை என்று சொல்லும்.

"பள்ளிக்கூடத்துல பேரு கூப்புடற மாதிரின்னு வெச்சுக்கோங்க," என்றார். "உங்க வகுப்புல யாருமே வரல."

"செத்துப்போச்சா?"

"சாகறது அதுக்கு வழக்கந்தான். எனக்கும் சாகுது, உங்க வீட்டுக்காரருக்கும் சாகுது. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா பழசு போயி புதுசு முளைக்கும். உங்களுக்கு அதுக்குக் கீழ இருந்த மண்ணே கொஞ்சம் கெட்டிருக்கு. முளைக்கலாம்."

லாம் என்ற அந்தக் கடைசி எழுத்துகளில் நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு, ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை, விரல் நுனியில் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"அது வேற ரகம். அழுத்தம் பாக்க ஒண்ணு, அதிர்வு பாக்க ஒண்ணு. ஓரம் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கறதுக்குன்னே ஒண்ணு இருக்கு, காகிதக் கனம் இருந்தாக்கூட சொல்லிடும். எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மா."

செஃபெரினோ என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கைகளை மடியில் வைத்து மூடிக்கொண்டேன்.

ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்று நான்கு சின்னக் குப்பிகளை எழுதிக் கொடுத்தார். காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் மோந்து, அது எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். வராதவர்களின் பெயரையும் தினமும் கூப்பிட வேண்டும் என்றார், அதே வகுப்பறை உவமையை விடாமல்.

அதற்கு அடுத்த வாரம் நான் செய்த தவறை எங்கள் ஊரைத் தவிர வேறெங்கும் தவறென்றே சொல்ல மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை என் வெள்ளைக் கோட்டைத் துவைத்தேன். அவ்வளவுதான். ஆனால் துணிசோப்புத் திரவம் என்று நான் ஊற்றியது பிளீச். தக்கைத் தொழிற்சாலைக்குள் பிளீச்சுக்கு இடமில்லை. அதில் இருக்கும் குளோரின் பட்டையில் இருக்கும் பூஞ்சணத்தோடு சேர்ந்தால்தான் அந்த நிலவறை நாற்றமே பிறக்கிறது. மோந்து பார்க்கும் பெண்கள் வீட்டிலும் அதை வைத்துக்கொள்வதில்லை. என் வீட்டில் இருபது வருஷமாகக் கிடையாது. குளியலறைச் சுவரில் கருப்பாகப் படரும் பூஞ்சணத்தை வினிகர் போட்டுத் தேய்த்துத் தேய்த்து செஃபெரினோவுக்குச் சலித்துவிட்டது. இவளுக்குத்தான் இப்போது வாசனை தெரியாதே, இதற்குள் ஒருமுறை அடித்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். பிளீச் புட்டியைக் குப்பையில் அக்கம்பக்கத்தார் பார்த்தால் வம்பு என்று, கடையிலிருந்து வந்ததும் காலியான சோப்புப் புட்டியில் ஊற்றி வைத்துவிட்டார். ஊரில் பாதிப் பேர் தக்கையில்தான் பிழைக்கிறோம். மனிதர் ரகசியமாகச் சாராயம் வாங்கியிருந்தால்கூட இவ்வளவு மறைத்திருக்க மாட்டார்.

திங்கட்கிழமை காலை கோட்டை மடித்துப் பையில் வைக்கும்போது மூக்குக்குள் ஏதோ ஒன்று நடந்தது. உள்ளே, மேலே, ஒரு கூச்சம். நான் அப்படியே நின்றேன். மறுபடி குனிந்து கோட்டில் முகத்தை வைத்து இழுத்தேன். மறுபடி அதே கூச்சம், கண்ணோரத்தில் கொஞ்சம் ஈரம். வெறும் காற்று இல்லை, ஏதோ இருக்கிறது. குவரெஷ்மா சொன்னதெல்லாம் என் காதில்தான் இருந்தது. குளிர்ச்சி, எரிச்சல், குத்தல், பெயர் சொல்லத் தெரியாது. ஆனால் நான்கு வாரம் பூட்டிய வீட்டுக்குள் இருந்தவள் கதவு அசைந்தால் யார் அசைத்தது என்றா கேட்பாள்? துவைத்த துணியின் வாசனை திரும்புகிறது என்றே நம்பினேன். செஃபெரினோவிடம் சொல்லவில்லை, மாலைக்கு வைத்துக்கொண்டேன். மேட்டில் ஏறித் தொழிற்சாலைக்கு நடக்கும் அந்தப் பதினைந்து நிமிடமும் எதிரே வந்த எல்லோருக்கும் காலை வணக்கம் சொன்னேன்.

மாடியில் கோட்டைப் போட்டுக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தேன். உம்பெலினா எனக்கு முன்பே வந்து முதல் தட்டை எடுத்து வைத்திருந்தாள். பத்து வருஷமாக என் பக்கத்தில் உட்காருபவள். பெரிய உடம்பு, சின்னக் குரல். என்னைப் பார்த்ததும் அவள் முகம் ஒருமாதிரி ஆனது. மற்ற நால்வரும் அடுத்தடுத்துத் தலையைத் தூக்கினார்கள். நான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

கதவில் சலோமே நின்றாள். எங்கள் அறைக்குப் பொறுப்பான இன்ஜினியர், என்னைவிடப் பத்து வயது சின்னவள். வாசலிலேயே நின்று, "யாரு அது?" என்றாள், மெதுவாக.

எனக்கு அப்போதும் புரியவில்லை. உம்பெலினா எழுந்து வந்து என் தோளிலிருந்து கோட்டைக் கழற்றினாள். குழந்தைக்குக் கழற்றுவதுபோல, ஒரு கை, பிறகு இன்னொரு கை.

"என்னோட கோட்டு, இன்ஜினியரம்மா," என்றாள். "வீட்ல என் மருமக பிளீச்சுல போட்டுட்டா போலருக்கு. நான் கவனிக்காம எடுத்துட்டு வந்துட்டேன். ஒடீலியா என்னோடத எடுத்து மாட்டிக்கிட்டா, எல்லாம் ஒரே வெள்ளைதானே."

அவளுக்கு மருமகள் கிடையாது. அவளுடைய ஒரே மகன் கன்னியாஸ்திரீகளின் பள்ளியில் தோட்டக்காரன், கல்யாணம் வேண்டாம் என்று இருப்பவன். சலோமேவுக்கு அது தெரியாது. ஜன்னல்களைத் திறந்துவிட்டு, அறையைப் பூட்டி, நாளை காலைவரை யாரும் வரக் கூடாது என்றாள். உம்பெலினாவைப் பார்த்து, "உங்களுக்கு எழுத்துல ஒரு எச்சரிக்கை வரும். வீட்டுக்குப் போயி தல குளிச்சிட்டு நாளைக்கு வாங்க," என்றாள். உம்பெலினா தலையாட்டினாள். கோட்டைப் பந்தாகச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். பிளீச் என்ற சொல் அப்போதுதான் என்னை வந்து சேர்ந்தது. நான் அவள் பின்னால் ஓடினேன்.

பட்டைகளை அடுக்கிக் காயவைத்திருக்கும் முற்றத்தில் அவளைப் பிடித்தேன். இரண்டு அடுக்குகளுக்கு நடுவே, காற்று வராத இடத்தில் அவள் நின்றாள்.

"பிளீச்சுலயே ஊறவெச்சு எடுத்துட்டு வந்திருக்க," என்றாள். "இதுல பொண்ணு பாக்க வந்த மாதிரி சிரிப்பு வேற."

"எனக்குத் தெரியல உம்பெலினா."

"தெரியலன்னு தெரியும்."

"எப்பலேருந்து?"

"பதினோரு நாளா." அவள் விரல்விட்டு எண்ணவில்லை, எண்ணி வைத்திருந்தாள். "நீ தப்பு விடற விதமே சரியில்ல. தப்புக்கும் ஒரு ஒழுங்கு இருக்குடி, உன்னோடது குலுக்குச் சீட்டு எடுத்த மாதிரி இருந்துச்சு. சரி பாப்பமேன்னு ஒரு நல்ல தக்கைக்கு அடியில பொட்ட ஒட்டினேன். கோயில்ல நிக்கற மாதிரி கண்ண மூடி, உள்ள வரைக்கும் இழுத்து, கெட்டதுன்னு எழுதின பாரு. எனக்கே ஒரு நிமிஷம் என் மூக்கு மேல சந்தேகம் வந்துருச்சு."

"ஏன் கேக்கல?"

"நீயே சொல்லுவேன்னு பாத்தேன்."

"சொல்லலியே."

"அதான் ரெண்டு தடவ மோந்தேன். எனக்கு ஒருக்கா, கொஞ்சம் இடைவெளி விட்டு உனக்கு ஒருக்கா. ரெண்டாவது தடவ மாத்திச் சொல்லணும்னு தோணுனா பொட்ட எடுத்துருவேன், இல்ல ஒட்டுவேன்." நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "மத்தியானத்துக்கு மேல தல ரெண்டாப் பொளக்குது. நீ வேற 'என்னடி இன்னைக்கி ஆமையா நகர்ற'ன்னு கேட்ட பாரு, அப்ப குப்பிய எடுத்து உன் மண்டையிலயே போட்ருப்பேன்."

கேட்டிருக்கிறேன். அவள் மெதுவாகிவிட்டாள் என்று எரிச்சல்பட்டேன். வயதாகிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். கிட்டத்தட்ட இரண்டு வாரம் ஒருத்தி தன் மூக்கை எனக்காக இரண்டாக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்கு அது தட்டுப்படவில்லை. எந்த நரம்பு இதற்குப் பொறுப்பு என்று மருத்துவர் வரைந்து காட்டவில்லை. நன்றி என்பது இதமான உணர்வு என்றுதான் நினைத்திருந்தேன். முதலில் வரும்போது அது உடம்பில் சூடு பட்டதுபோல வந்தது. கையை இழுத்துக்கொள்ளத்தான் தோன்றியது. அவளைக் கட்டிக்கொள்ளக்கூட முடியவில்லை. "கோட்டைக் குடு" என்று மட்டும் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

"எங்க போற?"

"மேல."

"போயி?"

"சொல்ல."

அவள் தடுக்கவில்லை. "தலைய வாரிட்டுப் போ," என்றாள்.

சலோமேவின் அறையில் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல், பால், விரல், பொட்டு, கூடுதலாக எழுதிய எண்கள். மருமகள் இல்லை என்பதையும். முடித்ததும் அவள் அலமாரியிலிருந்து சீட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்குப் போகும் நேரம் குறைந்துகொண்டே வந்தது.

"ஆறு சரக்கு," என்றாள். "அஞ்சு இங்கதான் இருக்கு. ஒண்ணு போயிருச்சு. ஆத்துக்கு மேல ஒரு திராட்சைத் தோட்டத்துக்கு. நீங்க காய்ச்சல் முடிஞ்சு வந்த மொத வாரத்துச் சரக்கு."

உம்பெலினா இரண்டு முறை மோந்ததெல்லாம் அதற்குப் பிறகு. அந்த வாரம் அவளுக்கும் தெரியாது. அந்தச் சரக்கை ஒரே ஒரு மூக்குதான் பார்த்திருந்தது.

சலோமே என் எதிரிலேயே தொலைபேசியை எடுத்துத் அந்தத் திராட்சைத் தோட்டத்து முதலாளியிடம் பேசினாள். புட்டியில் அடைக்க வேண்டாம், இரண்டு நாள் பொறுங்கள், எங்களிடம் ஒரு பிழை நடந்திருக்கிறது என்றாள். பிழை என்றாள், ஆளின் பெயரைச் சொல்லவில்லை. வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உங்க மூக்கு போனது உங்க தப்பில்ல, ஒடீலியா. மொத நாளே வந்து சொல்லியிருந்தா கோப்புல 'நோய்'னு எழுதியிருப்பேன். இப்ப என்னன்னு எழுதறது?"

"நடந்தத எழுதுங்க, இன்ஜினியரம்மா."

அந்த இரண்டு நாளும் எப்படிப் போயின என்று எழுத எனக்குத் தெம்பில்லை. ஒவ்வொரு சரக்கிலிருந்தும் எடுத்துவைத்த மாதிரித் தக்கைகளை மற்ற நால்வரும் மறுபடி மோந்தார்கள். புதன்கிழமை மாலை உம்பெலினா, அதுவரை என்னை நிறுத்தியிருந்த கீழ்த்தளத்துக்கு வந்து, இயந்திர இரைச்சலுக்கு மேலாக, என் நல்ல காதில் வாயை வைத்துச் சொன்னாள். ஐந்து சரக்கும் சரி. போன சரக்கிலும் அவள் பிடித்ததைத் தவிர வேறு கெட்ட தக்கை இல்லை. என் கால்கள் நின்ற இடத்திலேயே இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்துக்கொண்டேன். அவளுடைய எச்சரிக்கைக் கடிதத்தைக் கிழித்துப்போட்டு, பொய் சொன்னதற்காக வேறொன்று கொடுத்தார்களாம். "அது நியாயந்தான்," என்றாள். "மருமக இருக்கான்னு சொன்னதும் ஒருமாதிரி சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அவளுக்குப் பேருகூட வெச்சிருந்தேன்."

தக்கைகளைக் கண்ணால் தரம் பிரிக்கும் கன்வேயர் பெல்ட்டுக்கு என்னை அனுப்பினார்கள். தக்கைகள் விளக்கொளியில் உருண்டு வரும். விரிசலும் ஓட்டையும் இருப்பதைப் பொறுக்கி எடுக்க வேண்டும். வேலையை விட்டு அனுப்புவார்கள் என்றுதான் எதிர்பார்த்திருந்தேன். சலோமே கோப்பில் என்ன எழுதினாள் என்று கேட்கவில்லை. மாடியில் என் நாற்காலிக்கு ஆள் போடவில்லை என்றும், செப்டம்பர்வரை பார்க்கலாம் என்று அவள் சொன்னதாகவும் உம்பெலினாதான் சொன்னாள். மாலையில் வீடு திரும்பும்போது கண்கள் வலித்தன. அந்த வலிகூட எனக்கு வேண்டியிருந்தது. இன்னும் வேலை செய்யும் எல்லாவற்றையும் புதிதாகக் கவனித்தேன்: கண், விரல், பாதி இடது காது, முழு வலது காது, வெந்நீரின் சூட்டைச் சொல்லும் தோல், இருட்டில் படியிறங்கும்போது அடுத்த படி எங்கே என்று கேட்காமலே தெரிந்துவைத்திருக்கும் முழங்கால். இவ்வளவு பேர் இத்தனை வருஷம் எனக்காகச் சத்தமில்லாமல் உழைத்திருக்கிறார்கள். ஒருத்தர் படுத்த பிறகுதான் மற்றவர்களை விசாரிக்கிறேன்.

நான்கு குப்பிகளையும் மதிய உணவுக்கு எடுத்துப்போனேன். முற்றத்துப் பெஞ்சில் உம்பெலினா அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து என் மூக்கருகே பிடிப்பாள். "ரோஜா," என்பாள். "உன் கல்யாணத்துக்கு வெச்சிருந்தியே, அது. மழையில நனைஞ்சு வாடிப் போச்சே." நான் மோப்பேன். ஒன்றும் வராது. "கிராம்பு. அந்தப் பல் டாக்டரு, கைய உன் வாய்க்குள்ள விட்டுட்டு கட்சி பேசினாரே." ஒன்றும் வராது. ஏப்ரல் போனது. மே போனது. ஒருநாள்கூட அவள் 'இன்னைக்கு வேண்டாம்' என்று சொல்லவில்லை. வராத வாசனைகளுக்கு அவள் சொன்ன கதைகளிலேயே என் பாதி வாழ்க்கை எனக்கு ஞாபகம் வந்தது.

ஜூன் முதல் வாரம் அவள் தன் காப்பி ஃபிளாஸ்க்கைத் திறந்தாள். நான் முகத்தைச் சுளித்து விலகினேன்.

"என்ன அது? ரப்பர எரிச்ச மாதிரி?"

"காப்பி."

"காப்பியா? செத்த எலி மேல டயரப் போட்டுக் கொளுத்தின மாதிரி இருக்கு."

உம்பெலினா ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்தாள். அவள் கண்கள் நிறைந்தன. "நாறுதா?" என்றாள். "நெசமா நாறுதா?"

அன்று மாலை குவரெஷ்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் சிரித்தார். புது நரம்புகள் முளைத்து, எந்த நாற்காலியில் உட்காருவது என்று தெரியாமல் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன என்றார். காப்பியைக் கூப்பிட்டால் டயர் கை தூக்குகிறது. சிலருக்கு மாதங்களில் சரியாகும், சிலருக்கு இப்படியே நின்றுவிடும். அதற்குப் பிறகு வெங்காயமும் சாக்லேட்டும் செஃபெரினோவின் சவர சோப்பும்கூட அதே நாற்றத்தோடு வந்தன. அவரைத் தள்ளிப் படுக்கச் சொன்னேன். மனிதர் தலையணையை எடுத்துக்கொண்டு, முகமெல்லாம் மலர்ந்து, கூடத்துக்குப் போனார்.

ஜூலையில் ஒரு மதியம், மழை பெய்து விட்டிருந்தது. அடுக்கி வைத்த பட்டைகளிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. உம்பெலினா நான்கு குப்பிகளோடு ஐந்தாவதாக ஒன்றை வைத்தாள். மாடியிலிருந்து எடுத்து வந்தது. சலோமேவைக் கேட்டுத்தான் எடுத்தேன் என்றாள். நல்லதா கெட்டதா என்று சொல்லவில்லை. முகத்தையும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, ஃபிளாஸ்க்கைத் திறந்து தனக்குக் காப்பி ஊற்றிக்கொண்டாள். டயரும் எலியும் பெஞ்சு முழுக்கப் பரவின. நான் குப்பியைத் திறந்தேன். கண்ணை மூடவில்லை. மூன்று விநாடி இழுத்தேன்.

நிலவறை வரவில்லை. மரமும் வரவில்லை. ஆனால் காப்பியின் நாற்றம் நின்றுபோனது. யாரோ வானொலியை அணைத்ததுபோல, முழுக்க. காப்பி அங்கேயே இருந்தது, ஆவி என் கன்னத்தில் பட்டது. பூஞ்சணம் பிடித்த தக்கை தன் நாற்றத்தைக் கொண்டுவருவதோடு நிற்பதில்லை, மூக்கில் எழுந்து நிற்கும் மற்றவர்களையும் கொஞ்ச நேரம் உட்காரவைத்துவிடும் என்று மாடியில் மோந்த எங்கள் எல்லோருக்குமே தெரியும். அதனால்தான் ஒரு கெட்ட குப்பிக்குப் பிறகு ஜன்னல் பக்கம் போய் நிற்போம். அப்படியானால் இது கெட்ட தக்கை; உட்காரவைக்க வேண்டுமென்றால் உள்ளே யாராவது நின்றிருக்க வேண்டும்.

"என்ன?" என்றாள் உம்பெலினா, திரும்பாமலே.

பொறு என்று அவள் முழங்கையைத் தொட்டேன். குப்பியை மூடினேன். அவள் கோப்பையை என் பக்கம் இழுத்து, இரண்டு கைகளாலும் பிடித்து, அதன்மேல் குனிந்தேன். வெறும் ஆவி. வெறும் சூடு. ஒரு லாரி பட்டைகளை ஏற்றிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனது. பிறகு வெகு தூரத்திலிருந்து, ஒரு நூல் கனத்துக்கு, எரியும் ரப்பரின் நாற்றம் வரத் தொடங்கியது. நான் இன்னும் தாழக் குனிந்தேன்.